மூளைக்குப் போகும் மருந்து



பூனைக்காலி என்ற கொடியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வேலியோரத்திலும் காட்டோரத்திலும் படர்ந்து கிடக்கும். மலையாளத்தில் இதை நாய்க்குரணை என்பார்கள். காயின் மேல் பொன்னிறமாகச் சுணை இருக்கும். அந்தச் சுணை உடம்பில் பட்டால் அரிப்பு தாங்க முடியாது. அதனால் இந்தக் கொடியைக் கண்டால் எல்லாரும் விலகிப் போவார்கள்.

ஆனால் இதன் விதைக்குள் ஒரு மருந்து இருக்கிறது. அதன் பெயர் லெவோடோபா. நடுக்குவாதம் என்ற நோய்க்கு உலகம் முழுவதும் கொடுக்கப்படும் முதன்மையான மருந்து அதுதான்.

மருந்து இருக்கிறது. ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் மூளை. மூளைக்குள் ஒரு மருந்து நுழைவது எளிதல்ல. அங்கே பலத்த காவல் இருக்கிறது. அந்தக் காவலைத் தாண்டி மருந்தைக் கொண்டு சேர்க்க விஞ்ஞானிகள் மிகச் சிறிய வண்டிகளைச் செய்து பார்க்கிறார்கள். அவற்றுக்கு நானோ துகள்கள் என்று பெயர். இன்றைய பேச்சு இதைப் பற்றியதுதான்.

கை ஏன் நடுங்குகிறது?

மூணாறு, தேவிகுளம், பீருமேடு பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். வயது ஐம்பத்தைந்து. முப்பது ஆண்டுகளாகக் கொழுந்து பறித்த கை. ஒரு நாள் வலது கை பின்தங்குகிறது. இடது கை இரண்டு முறை கிள்ளும் நேரத்தில் வலது கை ஒரு முறைதான் கிள்ளுகிறது. மாலையில் எடை போட்டால் கிலோ குறைகிறது. வேலையில் மனம் இல்லை என்று சூப்பர்வைசர் திட்டுகிறார்.

பாலக்காடு மாவட்டத்தில் சிற்றூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு விவசாயியை நினைத்துக்கொள்ளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவர் கை நடுங்குகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவதுபோல் அசைகின்றன. "கள் அதிகமாகிவிட்டது" என்று ஊரில் பேசுகிறார்கள். அவரோ குடிப்பதே இல்லை.

இருவருக்கும் வந்திருப்பது நடுக்குவாதமாக இருக்கலாம். 1817-ஆம் ஆண்டில் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் 6 பேரைப் பார்த்து, இந்த நோயைப் பற்றி ஒரு சிறிய நூல் எழுதினார். அதனால் இதைப் பார்க்கின்சன் நோய் என்றும் சொல்கிறார்கள்.

இந்த நோயின் அடையாளங்கள் என்ன?

சும்மா இருக்கும் கை நடுங்கும். சிலருக்கு நடுக்கமே இருக்காது. ஆனால் எல்லா வேலையும் மெதுவாகும். பொத்தான் போட நேரமாகும். கையும் காலும் விறைக்கும். நடக்கும்போது அடி சிறியதாகும். ஒரு கை வீசாமல் உடம்போடு ஒட்டியிருக்கும். முகத்தில் சிரிப்பும் கோபமும் தெரியாமல் போகும். குரல் தாழும்.

எழுதுகிறவர்களுக்கு இன்னோர் அடையாளம் உண்டு. வரி போகப் போக எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். கையெழுத்துப் பழகிய நீங்கள் இதை எளிதில் கண்டுபிடித்துவிடலாம்.

பலருக்கு நடுக்கம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மலச்சிக்கல் இருக்கும். வாசனை தெரியாமல் போகும். ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோருக்குள் நின்றாலும் மணம் தெரியாது.

இது சாபம் அல்ல. செய்வினை அல்ல. தொற்றுநோயும் அல்ல. "வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடியதும் அல்ல.

மூளைக்குள் நடப்பது

நம் மூளையின் அடிப்பகுதியில் கருமையாக ஓர் இடம் இருக்கிறது. அங்குள்ள நரம்பு அணுக்கள் டோபமின் என்ற பொருளைச் சுரக்கின்றன. கை காலை அசைக்கும் கட்டளை தடையில்லாமல் போவதற்கு டோபமின் வேண்டும். வண்டிச் சக்கரத்துக்கு மசகு எண்ணெய் போல.

நடுக்குவாதத்தில் இந்த நரம்பு அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. டோபமின் குறைகிறது. எண்ணெய் இல்லாத சக்கரம் இறுகுவதுபோல் உடம்பு இறுகுகிறது. கை நடுங்கத் தொடங்கும் நேரத்தில் ஏறத்தாழ பாதி அணுக்கள் அழிந்திருக்கும். சிலருக்கு அதற்கு மேலும் போயிருக்கும்.

இப்படி நரம்பு அணுக்கள் மெல்ல மெல்ல அழியும் நோய்கள் பல உண்டு. நினைவை அழிக்கும் அல்சைமர் நோயும் அவற்றுள் ஒன்று.

சேப்பாக்கத்தில் கிடைத்த வெள்ளைத் தூள்

1913-ஆம் ஆண்டு. சுவிட்சர்லாந்து நாட்டில் குகன்ஹைம் என்ற வேதியியல் அறிஞர் ஒருவகை அவரை விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார். அதில் கொஞ்சத்தைத் தாமே தின்று பார்த்தார். கடுமையான வாந்தி வந்தது. அதனால் ஒரு பயனும் இல்லை என்று நினைத்துவிட்டார்கள்.

1937-ஆம் ஆண்டு. சென்னை சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே தாமோதரன், இராமசுவாமி என்ற இரு அறிஞர்கள் பூனைக்காலி விதையை ஆராய்ந்தார்கள். அதிலிருந்தும் அதே பொருளைப் பிரித்தெடுத்தார்கள். பூனைக்காலி விதையில் அது தாராளமாக இருந்தது. 100 கிராம் விதையில் சுமார் 5 கிராம் வரை கிடைக்கும்.

ஆனால் அது நடுக்குவாதத்துக்கு மருந்தாகும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

20 ஆண்டுகள் சென்றன. 1957-இல் சுவீடன் நாட்டில் ஆர்விட் கார்ல்சன் என்ற அறிஞர் முயல்களை வைத்து ஒரு சோதனை செய்தார். நம் நாட்டுச் செடியான சர்ப்பகந்தாவிலிருந்து எடுக்கப்படும் ரெசர்பின் என்ற மருந்தை முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் அசையாமல் கிடந்தன. பிறகு டோபாவை ஊசியில் செலுத்தினார். சற்று நேரத்தில் முயல்கள் எழுந்து நடமாடின. டோபமின் குறைந்தால் உடம்பு முடங்கும், அது திரும்பினால் இயக்கமும் திரும்பும் என்பது இதனால் விளங்கியது. 2000-ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1960-இல் வியன்னா நகரத்தில் ஹோர்னிகிவிச் என்ற அறிஞர், நடுக்குவாதம் வந்து இறந்தவர்களின் மூளையில் டோபமின் மிகவும் குறைந்திருப்பதைக் கண்டார். 1967-இல் நியூயார்க்கில் கோட்சியாஸ் என்ற மருத்துவர் டோபாவைச் சிறிது சிறிதாக அளவு கூட்டி நோயாளிகளுக்குக் கொடுத்தார். நாற்காலியில் முடங்கிக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள்.

சேப்பாக்கத்தில் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்து 30 ஆண்டுகள் கழிந்த பிறகுதான், டோபா நடுக்குவாதத்துக்கு மருந்து என்பது உறுதியானது.

மூளையின் சோதனைச்சாவடி

இங்கே ஒரு கேள்வி எழும். குறைவது டோபமின் என்றால், டோபமினையே கொடுத்துவிடலாமே? ஏன் டோபா கொடுக்க வேண்டும்?

டோபமினால் மூளைக்குள் நுழைய முடியாது. அதுதான் காரணம்.

1885-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டில் பால் எர்லிக் என்ற அறிஞர் விலங்குகளின் இரத்தத்தில் சாயத்தைச் செலுத்தினார். ஈரல், சிறுநீரகம், தசை எல்லாவற்றிலும் சாயம் ஏறியது. மூளையில் மட்டும் ஏறவில்லை. 1913-இல் அவருடைய மாணவர் கோல்ட்மன் சாயத்தை மூளையைச் சுற்றியுள்ள நீரில் செலுத்தினார். இப்போது மூளையில் சாயம் ஏறியது. உடம்பின் மற்ற பாகங்களில் ஏறவில்லை. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது என்பது இதிலிருந்து தெரிந்தது.

அது எங்கே இருக்கிறது? மூளைக்குள் மயிரிழையைவிட மெல்லிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. எல்லாவற்றையும் நீட்டி ஒட்டவைத்தால் சுமார் 600 கிலோமீட்டர் நீளம் வரும். பாலக்காட்டிலிருந்து சென்னைக்குப் போகும் தூரத்தைவிட அதிகம். அந்தக் குழாய்களின் சுவர்தான் தடுப்பு. உடம்பின் மற்ற இடங்களில் குழாய்ச் சுவரில் சிறு சிறு இடைவெளிகள் இருக்கும். மூளையில் இடைவெளி இல்லை. அணுவும் அணுவும் நெருங்கி இறுகியிருக்கும்.

வாளையாறு, குமுளி, போடிமெட்டு வழியே போய் வருகிறவர்களுக்குச் சோதனைச்சாவடி என்றால் என்ன என்று தெரியும். மூளையின் தடுப்பும் அப்படித்தான். சர்க்கரைச் சத்தை விடும். பிராணவாயுவை விடும். புரதச் சத்தின் சிறு கூறுகளை விடும். நஞ்சையும் கிருமியையும் பெரும்பாலும் தடுக்கும். இது நம் நன்மைக்காகவே இருக்கிறது. ஆனால் இந்தக் காவல் மருந்தையும் தடுத்துவிடுகிறது. மூலக்கூறு மிகச் சிறியதாக உள்ள மருந்துகளிலேயே 100-க்கு 98 உள்ளே போவதில்லை என்று ஆய்வாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள்.

டோபா புரதக் கூறு போன்ற உருவம் உள்ளது. அதனால் புரதக் கூறுகள் போகும் வாசல் வழியாகவே அதுவும் உள்ளே போய்விடுகிறது. போன பிறகு டோபமினாக மாறுகிறது.

மாத்திரையின் பயணம்

மாத்திரையை விழுங்கியதும் எல்லாம் மூளைக்குப் போய்விடுவதில்லை. பெரும்பகுதி வழியிலேயே டோபமினாக மாறிவிடுகிறது. அப்படி மாறியது சாவடிக்கு வெளியே நின்றுவிடும். வாந்தியும் மயக்கமும் அதனால்தான் வருகின்றன.

இதைத் தடுக்க 1970-களில் கார்பிடோபா என்ற துணை மருந்தைச் சேர்த்தார்கள். வழியில் டோபா வீணாகாமல் இது காக்கிறது. இது சேர்ந்த பிறகு, முன்பு தேவைப்பட்டதில் கால்பங்கு லெவோடோபாவே போதுமானதாயிற்று. இன்று கொடுக்கப்படும் மாத்திரையில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

இன்னொரு சிக்கல் உண்டு. பருப்பு, மீன், முட்டை, பால் இவற்றில் புரதம் அதிகம். அந்தப் புரதக் கூறுகளும் டோபாவும் ஒரே வாசலில் நெருக்கியடிக்கின்றன. கடைசி பஸ்ஸில் கூட்டம் ஏறுவதுபோல. மாத்திரை ஏற இடம் கிடைக்காது. அதனால்தான் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பாகவோ, சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்தோ மாத்திரை போடச் சொல்கிறார்கள். புரதமே சாப்பிடக் கூடாது என்று இதற்குப் பொருள் அல்ல. இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்பதே பொருள்.

சில ஆண்டுகள் கழித்து மூன்றாவது சிக்கல் வரும். மாத்திரை போட்டால் இரண்டு மூன்று மணி நேரம் நன்றாக இருக்கும். பிறகு வேகம் குறைந்து உடம்பு இறுகும். அடுத்த மாத்திரை வேலை செய்யும்போது சிலருக்குக் கையும் கழுத்தும் தானாக நெளியும். வயலுக்குத் தண்ணீர் ஒரு நேரம் வெள்ளமாக வந்து, ஒரு நேரம் நின்றுபோவதுபோல. சொட்டுநீர்ப் பாசனம்போல் மருந்து சீராகப் போனால் நன்றாக இருக்கும் அல்லவா? இங்கேதான் நானோ துகள் வருகிறது.

நானோ என்றால் எவ்வளவு?

ஒரு மில்லிமீட்டரைப் 10 லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் தலைமுடியின் கனம் 80 ஆயிரம் முதல் ஒரு லட்சம் நானோமீட்டர் வரை இருக்கும். இரத்தத்தின் சிவப்பணு ஏறத்தாழ 7 ஆயிரம் நானோமீட்டர். மருந்து சுமக்கும் நானோ துகள் சுமார் 100 நானோமீட்டர்.

வரியின் முடிவில் நீங்கள் ஒரு முற்றுப்புள்ளி வைக்கிறீர்கள். அரை மில்லிமீட்டர் இருக்கும். அதன் குறுக்கே இந்தத் துகள்களை வரிசையாக அடுக்கினால் 5 ஆயிரம் துகள்கள் நிற்கும்.

இந்தத் துகளைக் கொழுப்பால் செய்யலாம். புரதத்தால் செய்யலாம். உடம்பில் கரையக்கூடிய பிளாஸ்டிக் போன்ற பொருளாலும் செய்யலாம். மருந்தை உள்ளே பொதிந்து அனுப்புவார்கள். வழியில் மருந்து கெடாது. மெல்ல மெல்ல வெளிவரும்.

இது வெறும் கற்பனை அல்ல. நம் நாட்டிலேயே பயன்பட்டிருக்கிறது. பீகார் மாநிலத்தில் காலா அசார் என்ற கொடிய காய்ச்சல் ஏழை மக்களை வாட்டியது. அதற்கு ஆம்போடெரிசின் என்ற மருந்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள், 15 முறை ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டும். கூலி போகும். சிறுநீரகமும் கெடலாம். அதே மருந்தை நுண்ணிய கொழுப்புக் குமிழியில் பொதிந்து கொடுத்தார்கள். ஒரே நாளில், ஒரே முறை ஏற்றினால் போதும். ஏறத்தாழ அதே அளவு குணம் கிடைக்கிறது என்று 2010-இல் வெளியான பீகார் ஆய்வு காட்டியது. 2014-இல் இந்தியாவின் காலா அசார் ஒழிப்புத் திட்டம் இந்த முறையை ஏற்றுக்கொண்டது.

மூளைக்கு இது ஏன் கடினம்?

அப்படியானால் நடுக்குவாதத்துக்கும் இதையே செய்யலாமே? இங்கேதான் கவனம் வேண்டும்.

காலா அசார் கிருமி ஈரலிலும் மண்ணீரலிலும் தங்குகிறது. இரத்தத்தில் விடும் நானோ துகள்களும் பெரும்பாலும் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. அதனால் வேலை எளிதாயிற்று. மூளைக்குப் போக வேண்டிய துகளும் இப்படி ஈரலில் சிக்கிக்கொள்கிறது. மீதி கொஞ்சம்தான் சாவடிக்குப் போகிறது. அங்கேயும் உள்ளே விடவேண்டுமே!

2018-இல் அமெரிக்காவில் பாடிசிரான் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது. பரம்பரையாக வந்து கை கால் நரம்புகளை அழிக்கும் ஓர் அரிய நோய்க்கு அது மருந்து. கொழுப்பு நானோ துகளில் பொதிந்தது. ஆனால் அதுவும் வேலை செய்யும் இடம் ஈரல்தான். நோய்க்குக் காரணமான புரதம் ஈரலில் உண்டாகிறது. மூளையின் வாசலைத் தாண்ட வேண்டிய தேவை அதற்கு இல்லை.

வாசலைத் தாண்டும் வழிகளையும் ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். 1995-இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்தில் குரோய்ட்டர் என்ற அறிஞரின் குழு ஒரு வழியைக் காட்டியது. மூளைக்குள் போகாத ஒரு வலி மருந்தை நானோ துகளில் ஏற்றினார்கள். துகளின் மேல் ஒரு பூச்சுப் பூசினார்கள். இரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் புரதம் அந்தப் பூச்சில் ஒட்டிக்கொள்கிறது. சாவடியில் அதைக் கொழுப்பு என்று நினைத்து உள்ளே விட்டுவிடுகிறார்கள். எலிகளுக்கு வலி குறைந்தது.

இன்னொரு வழி மூக்கு. வாசனை அறியும் நரம்பு மூக்கின் மேற்பகுதியிலிருந்து நேரே மூளைக்குப் போகிறது. மருந்துத் துகளை மூக்கில் தெளித்து விலங்குகளில் சோதித்து வருகிறார்கள். நம் நாட்டிலும் ஆய்வுகள் நடக்கின்றன. பஞ்சாப் மாநிலம் மொகாலியில் உள்ள நானோ அறிவியல் நிறுவனத்தில், மெலடோனின் என்ற பொருளைப் புரதத் துகளில் பொதிந்து, நடுக்குவாதம் உண்டாக்கப்பட்ட எலிகளில் சோதித்தார்கள். அவற்றின் நரம்பு அணுக்களைக் காப்பதில் பலன் தெரிந்தது.

எலியில் கிடைத்த பலன் மனிதருக்கும் கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் தங்கத்தின் நானோ துகள்களைத் தண்ணீரில் கலந்து, தசை நரம்புகள் அழியும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2022-இல் முடிவு வந்தது. எதிர்பார்த்த முதன்மையான பலன் கிடைக்கவில்லை.

துகள்கள் உடம்பில் தங்கினால் என்ன ஆகும்? பத்து ஆண்டு கழித்துத் தீங்கு வருமா? இதையெல்லாம் பார்த்த பிறகுதான் மருந்தாக ஏற்க முடியும். இதற்காக 2019-இல் இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை, நானோ மருந்துகளைச் சோதிக்கும் நெறிமுறைகளை வெளியிட்டது.

ஆகவே ஒன்றைத் தெளிவாக நினைவில் வையுங்கள். மூளைக்கு லெவோடோபாவைச் சுமந்து செல்லும் நானோ மருந்து ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது. கடைக்கு வரவில்லை. "நானோ" என்று எழுதி, நடுக்குவாதம் தீரும், மறதி தீரும் என்று பொடியும் எண்ணெயும் விற்க வந்தால் பணம் கொடுக்காதீர்கள். ஒரு மாதக் கூலி போய்விடும். அதை நம்பி, போட்டுவந்த மாத்திரையை நிறுத்தினால் உடம்பும் போய்விடும். இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

பூனைக்காலி விதையையும் தாமாக அரைத்துக் குடிக்கக் கூடாது. ஒரு விதையில் மருந்து கூடும், இன்னொன்றில் குறையும். மாத்திரையோடு இதுவும் சேர்ந்தால் அளவு மீறும். வாந்தி வரும். இரத்த அழுத்தம் தாழ்ந்து விழ நேரும். மேற்கு மலைகளில் வாழும் பழங்குடி மக்கள் சிலர் இந்த விதையை உணவாகக் கொள்கிறார்கள். ஆனால் பலமுறை தண்ணீரை மாற்றி வேகவைத்த பிறகே உண்கிறார்கள். விதையின் வேகம் அவர்களுக்குத் தெரியும்.

கையெழுத்துப் போடும் முன்

புதிய மருந்துகளை ஒரு நாள் மனிதர்களிடம் சோதிக்கத்தான் வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் உங்கள் வீட்டாரையும் கேட்கலாம். சேருவதும் சேராததும் உங்கள் விருப்பம். சேராவிட்டால் வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது.

2019-ஆம் ஆண்டின் மருந்துச் சோதனை விதிகள் இதைப் பற்றிச் சொல்கின்றன. சம்மதப் படிவம் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு, ஆஸ்பத்திரியைச் சேராத ஒரு சாட்சி முன்னிலையில் படித்துக் காட்ட வேண்டும். நடுவில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். சோதனையால் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.

கேரளத்தில் இருந்தாலும் தமிழில் கேளுங்கள். "இந்த இடத்தில் ரேகை வை" என்று சொன்ன காலம் போகட்டும். படித்துப் பாருங்கள். புரியாத வரியின் அடியில் கோடு போடுங்கள். விளக்கம் கேளுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போய் நாலு பேரிடம் கேளுங்கள். பிறகு முடிவு செய்யுங்கள். எழுத்து கற்றதன் பயன் இதுவே.

இன்றே செய்யக் கூடியவை

நாளைய மருந்து வரும்போது வரட்டும். இன்று இருப்பதைச் சரியாகப் பயன்படுத்தினாலே பலர் பல ஆண்டுகள் தம் வேலையைத் தாமே செய்துகொள்ளலாம்.

1. அடையாளம் தெரிந்தால் முதலில் தோட்ட ஆஸ்பத்திரிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். கோட்டயம், திருச்சூர், கோயம்புத்தூர், மதுரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நரம்பியல் பிரிவு உண்டு.

2. இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வாந்திக்கும் மனநோய்க்கும் கொடுக்கும் சில மருந்துகளாலும் நடுக்கம் வரும். அதை மாற்றினால் நடுக்கம் குறையலாம்.

3. லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரை அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. விலை உயர்ந்த பெயர்தான் வேண்டும் என்பதில்லை. அதே மருந்து குறைந்த விலையில் கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

4. ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், நன்றாக இருந்த நேரம், இறுகிய நேரம் என்று எழுதுங்கள். ஒரு வாரம் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். அளவை மாற்ற அவருக்கு இதைவிட நல்ல உதவி இல்லை.

5. நடக்க வேண்டும். கையை வீசி, அடியை எட்டி வைத்து நடக்க வேண்டும். லயத்தின் படியில் கைப்பிடிக்கு ஒரு மூங்கில் கட்டுங்கள். குளிக்கும் இடத்தில் பாசியைத் தேய்த்து எடுங்கள். விழாமல் காப்பதும் சிகிச்சைதான்.

6. பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் அதிகம் பட்டவர்களிடம் இந்த நோய் கூடுதலாகக் காணப்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. பாராகுவாட் என்ற களைக்கொல்லி அவற்றுள் ஒன்று. 2011-இல் கேரள அரசு அதையும் வேறு சில மருந்துகளையும் தடைசெய்தது. எந்த மருந்து அடித்தாலும் கையுறையும் முகக்கவசமும் கேட்டு வாங்குங்கள். டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

நடுங்கும் கையைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். திட்ட வேண்டாம். மெதுவாகப் பேசுகிறவருக்குப் பேசி முடிக்க நேரம் கொடுங்கள். அவர் அறிவு மங்கிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். உடம்புதான் சொன்னபடி கேட்கவில்லை.

இந்தச் செய்தியை உங்கள் லயத்திலும் தெருவிலும் நாலு பேருக்குச் சொல்லுங்கள். நடுங்கும் கையோடு வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் ஒருவர் மருத்துவரைப் பார்க்கப் புறப்பட்டால், அதுவே இந்தப் பேச்சின் பயன்.